எட்டு மரத்துக்கும் அறுபத்து மூணு

"ஊரே அறுபத்து மூணுங்குது, உன் மக ஒருத்தி மட்டும் எழுபத்து ரெண்டுங்கறா. ஊரு முட்டாளா, உன் மக முட்டாளா, நீயே சொல்லு."

ஏகாம்பர வாத்தியார் பூங்காவனம் வீட்டு வாசலில் நின்று இப்படித்தான் கத்தினாராம். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு தரத்துக்கு மூணு தரம். உள்ளே வடகக் கூழ் கிளறிக்கொண்டிருந்த பூங்காவனம் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். முட்டாள் யாருங்கறதை அப்புறம் பாத்துக்கலாம், என் மகளை எப்ப திரும்பப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல என்று கேட்டாள்.

இரு, இரு. சண்டை எங்கேயும் ஓடிப்போகாது. முதலிலிருந்து சொல்கிறேன். தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து 'ம்' கொட்டு.

கொன்றையூர், கொன்றையூர் என்று ஒரு ஊராம். அந்த ஊரில் புருஷனை இழந்த பூங்காவனமும், அவள் ஒரே மகள் தையல்நாயகியும் வடகம் வற்றல் போட்டு விற்றுப் பிழைத்து வந்தார்களாம். அந்த நாட்டு ராஜா இருக்கிறானே, அவன் பட்டத்துக்கு வந்த புதிதில், விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு நல்லா வருது, உங்க பக்கம் எப்படி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டானாம். நம்ம ராஜாவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தண்டோரா. இனிமேல் என் நாட்டில் கணக்கில் தோற்கிற பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வருஷா வருஷம் மந்திரி வந்து கேட்பார். எல்லாப் பிள்ளையும் சரியாகச் சொன்னால் ஆளுக்கொரு சாமந்தி மாலை, பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் பட்டுக் கொடி. கொடி பறக்கிற ஊருக்கு வாய்க்காலில் முதல் தண்ணீர். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னாலும் கொடி இறங்கும், தண்ணீர் கடைசி முறை.

பிள்ளைகளுக்குக் கணக்கு வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லை, கவனி. தோற்கக் கூடாது என்றுதான் சொன்னான். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு எண்ணம். இன்றைக்கும் பல பேருக்கு அதே எண்ணம்தான், அதை விடு.

மந்திரியின் பெயர் மதிவாணர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. 'ஏழு மாமரம், மரத்துக்கு ஒன்பது காய், மொத்தம் எத்தனை?' அதற்கும் விடை மறந்து மறந்து போகும் என்பதால், ஒரு செப்புத் தகட்டில் விடையை மட்டும் பொறித்து, ராஜமுத்திரை குத்தி, இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். முதல் வருஷம் வந்தார், மாமரக் கணக்கைக் கேட்டார். இரண்டாம் வருஷம் வந்தார், மாமரக் கணக்கைக் கேட்டார். மூன்றாம் வருஷமும் வந்து மாமரத்திலேயே ஏறி உட்கார்ந்ததும், ஏகாம்பர வாத்தியாருக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது.

அப்புறம் என்ன. கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டார். காலையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் 'அறுபத்து மூணு'. மத்தியானம் 'அறுபத்து மூணு'. சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முன்னால் தொண்டை கிழிய இன்னொரு தரம் 'அறுபத்து மூணு'. ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு முட்டியில் பிரம்படி. பக்கத்து ஊர் வாத்தியார்களும் இதைத் தெரிந்துகொண்டார்கள். அதற்கடுத்த ஊர்க்காரர்களும் தெரிந்துகொண்டார்கள். நாடு பூராவும் கொடி பறந்தது. இந்த நாட்டுப் பிள்ளைகளைப் போல உண்டா என்று வேற்று நாட்டிலிருந்தெல்லாம் பல்லக்கில் வந்து பார்த்துவிட்டு, மூக்கில் விரலை வைத்துக்கொண்டு போனார்கள். அப்படிப் படித்து மாலை வாங்கினவர்கள்தான் வளர்ந்து வைத்தியன், தச்சன், சமையற்காரன், வாத்தியார் என்று ஆனார்கள். பூங்காவனமும் அப்படி ஒரு மாலை வாங்கினவள்தான். அது சருகான பின்னும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஏய், சிரிக்காதே. உன் ரிப்போர்ட் கார்டை எடுத்து வரச் சொல்லட்டுமா?

இப்படி இருக்கையில், தையல்நாயகி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் மந்திரி கொன்றையூருக்கு வந்தார். ஊர் சும்மா விடுமா, வடை பாயசத்தோடு இலை போட்டது. மூக்குமுட்டச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவர், அரைத் தூக்கத்தில், ஏழு மரம் என்பதற்குப் பதிலாக எட்டு மரம் என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் கேள்வியை எங்கே கேட்டார்கள், அவர் வாய் அசைவது நின்றதும் ஒரே குரலில் அறுபத்து மூணு என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கின பிறகு ஒரு சின்னக் குரல் தனியாக, "எழுபத்து ரெண்டுங்கய்யா" என்றது.

தையலுதான். அம்மாவோடு வடகம் எண்ணி எண்ணிப் பழகினவள். எட்டு மரம்னு கேட்டீங்களே என்று வேறு சொன்னாள்.

மந்திரிக்குத் தூக்கம் போய்விட்டது. வாத்தியார் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். மந்திரி மெதுவாக இடுப்பிலிருந்த செப்புத் தகட்டை அவிழ்த்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கேள்வி தவறலாம். விடை தவறாது. இது ராஜா முத்திரை குத்தின விடை."

கொடி இறங்கியது. தண்ணீர் கடைசி முறைக்குப் போனது. நட்ட பயிர் வெடிப்பு விட்ட வயலில் நின்று காய்ந்தது. கிணற்றடியில் பூங்காவனத்தின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, கணக்குப் புலி வந்துட்டாம்மா, மகளை விட்டுத் தண்ணியப் பெருக்கித் தரச் சொல்லு என்று சிரித்தார்கள். மறுநாள் தையலு பள்ளிக்கூடத்துக்குப் போனால் கதவை மூடிவிட்டார்கள்.

அதைக் கேட்கத்தான் பூங்காவனம் ஆள் அனுப்பினாள், அதற்குத்தான் வாத்தியார் வந்து வாசலில் கத்தினார். கடைசியில் அவர் சொன்ன வழி இதுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று, எட்டு மரத்துக்கும் அறுபத்து மூணுதான் என்று தையலு மூணு தரம் சொல்லட்டும், சேர்த்துக்கொள்கிறேன்.

பூங்காவனத்துக்கு அதில் தப்பு தெரியவில்லை. வாத்தியார் போனதும் மகளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சொல்றதைச் சொல்லிட்டுப் போறதுல உனக்கு என்னடி கஷ்டம், சொன்னா வாய் வெந்தா போயிடும் என்று திட்டினாள், கெஞ்சினாள், முதுகில் ஒன்று வைக்கவும் வைத்தாள். தையலு அழுதாள், ஆனால் சொல்லமாட்டேன் என்றாள். அழுதுகொண்டே அம்மா பிழிந்து காயவைத்திருந்த வடகத்தை ஒரு பழைய வேட்டியில் வரிசை வரிசையாக மாற்றி வைத்தாள். "இது ஒரு மரம், இதுல ஒன்பது காய். இது அடுத்த மரம். எட்டு மரம் ஆச்சா? நீயே எண்ணிப் பாரும்மா."

ஒண்ணு ரெண்டு எண்ணுவதற்குப் பூங்காவனத்துக்குத் தெரியும். அது பள்ளிக்கூடத்தில் வந்தது இல்லை, அவள் அம்மா அடுப்படியில் சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு வடகமாகத் தொட்டு எண்ணினாள். எழுபத்து ரெண்டு. நம்பாமல், கடைசி வரிசையிலிருந்து திரும்பி எண்ணினாள். எழுபத்து ரெண்டு. ஒரு வரிசையை முந்தானையால் மூடிவிட்டு எண்ணினாள். அப்போதுதான் அறுபத்து மூணு வந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். அத்தனை வருஷம் பெட்டியில் வைத்திருந்த மாலையை எடுத்து அடுப்பில் போட்டாள், போட்டுவிட்டு நேரே வாத்தியார் வீட்டுக்கு நடந்தாள். எண்ணிப் பார்த்துவிட்டேன், எழுபத்து ரெண்டுதான் வருகிறது என்றாள். வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதாம்மா? உன் மக சொன்னது சரி. ஆனா சரியாச் சொன்னா கொடி கிடையாதே, நான் என்ன பண்ண?"

"தெரிஞ்சுமா பிள்ளைங்க தலையில இதை ஏத்துனீங்க?"

"தெரியாதவன் ஏத்தினா பாவம்னு விட்டுடுவே. தெரிஞ்சவனுக்கும் குடும்பம் இருக்கே, கொடி இல்லாத வாத்தியாருக்கு யாரு சோறு போடுவா?"

பார்த்தாயா, எப்பேர்ப்பட்ட பதில். இதற்கு மேல் அந்த ஆளிடம் பேச என்ன இருக்கிறது? பூங்காவனம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தையலு அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. வடகத்தை வைத்தே கூட்டினாள், பிரித்தாள், பங்கு போட்டாள். கொஞ்ச நாளில் வடகம் போதவில்லை. குளம் ஒண்ணு, வயல் பெரிசும் சின்னதுமா இருக்கு, யாருக்கும் குறையாம தண்ணியை எப்படிம்மா பங்கு போடறது என்று கேட்பாள். மூங்கில் மேலே போகப் போகச் சிறுத்துக்கிட்டே போகுதே, அதை எப்படிம்மா அளக்கறது என்பாள். பூங்காவனத்துக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. போய்ப் புளியைக் கரை என்பாள்.

இது இப்படி இருக்க, மாலை வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா?

ராஜா வீட்டில் கல்யாணம் வந்தது. எத்தனை மரக்கால் அரிசி போடட்டும் என்று கேட்டார்கள். தலைமைச் சமையற்காரன் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள், அறுபத்து மூணு என்றான். நாலு தேசத்து ஜனம் வந்த கல்யாணம். முதல் பந்தியோடு சோறு தீர்ந்தது, சம்பந்தி வீட்டார் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். ஆனாலும் யாரும் சமையற்காரனைச் சந்தேகப்படவில்லை. கணக்குல மாலை வாங்கினவன், தப்பாச் சொல்வானா?

அப்புறம் அரண்மனை மாடிக்குப் படி கட்டினார்கள். எத்தனை படி என்று கேட்டார்கள். தலைமைத் தச்சன், அறுபத்து மூணு என்றான். மாடி என்னவோ இருபது படி உயரம்கூட இல்லை. படி மாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, ஆகாசத்தைப் பார்க்கப் போய் நின்றது. கணக்குல மாலை வாங்கினவன், தப்பாச் சொல்வானா? மேளதாளத்தோடு முதலில் ஏறிக் காட்டச் சொல்லி மந்திரியை அனுப்பினார்கள். அவரும் கும்பிட்டுக்கொண்டே ஏறினார், ஏறினார், கும்பிட்ட கையோடு அந்தப் பக்கம் விழுந்தார். இடுப்பு போனது. அதற்கப்புறம் அவர் கட்டிலில்தான்.

அப்புறம் ஏகாம்பர வாத்தியாருக்கு மலச்சிக்கல் வந்தது. வைத்தியன் வந்தான். வாத்தியாரிடமே படித்து மாலை வாங்கினவன், குரு என்றால் அவ்வளவு மரியாதை. பேதி மாத்திரையை எண்ணி எண்ணித் தட்டில் வைத்தான். தட்டு நிறைந்து வழிந்தது.

"இது என்னடா இத்தனை?"

"அறுபத்து மூணுங்கய்யா."

வாத்தியார் தட்டைத் தூரத் தள்ளினார். ஒண்ணு போதும்டா, ரெண்டு தாண்டினா உசுரு தங்காதுடா, அது மாமரக் கணக்குடா, இது மாத்திரைடா என்று பதறினார். வைத்தியன் பணிவாகச் சிரித்தான். "கேள்வி தவறலாம், விடை தவறாது. நீங்க சொல்லிக் குடுத்த விடைதானேய்யா."

ஊர் கூடி, மரியாதையாகக் கையைக் காலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி, எழுபத்து ரெண்டுதான் சரி, நான்தான் மறைச்சேன் என்று வாத்தியார் அலறினார். ஜன்னியில் பிதற்றுகிறார் பாவம் என்று சொல்லி, மிச்சத்தையும் புகட்டினார்கள். மறுநாள் காலையில் வாத்தியார் இல்லை. ஊர் பெரிய சாவாக எடுத்தது.

வாத்தியார் கடைசியாகச் சொன்னது காற்றுவாக்கில் ராஜா காதுக்கு எட்டியது. அவன் அரண்டுபோய்க் கொன்றையூருக்கே வந்து, பள்ளிக்கூடத்து மைதானத்தில் சபை கூட்டினான். நாட்டு வாத்தியார்கள் எல்லாரும் ஒரு பக்கம், மந்திரி கட்டிலோடு இன்னொரு பக்கம். மந்திரி படுத்தபடியே யோசனை சொன்னார். பழைய கணக்கால்தான் இத்தனை கெடுதல், அடுத்த வருஷத்திலிருந்து பலாமரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், விடையை இப்போதே எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிடலாம். வாத்தியார்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கைதட்டினார்கள். ராஜாவுக்கும் மனசு லேசாகிவிட்டது.

அந்த லேசான மனசோடு பூங்காவனத்தைக் கூப்பிட்டான். உன் மகளுக்குத் தப்பு நடந்துபோச்சு, கொடியைத் திருப்பி ஏத்தறேன், முதல் தண்ணியும் உங்க ஊருக்குத்தான், பட்டுப்புடவை வேணுமா, காணி நிலம் வேணுமா என்று கேட்டான். குடத்தைத் தள்ளிவிட்டவர்கள் எல்லாம் அவள் பின்னால் வந்து நின்று, வாங்கிக்க அக்கா, வாங்கிக்க என்று கிசுகிசுத்தார்கள்.

தப்பு பண்ணினவன் தன் வாயால் கெட்டான், ஊருக்குத் தண்ணீர் வந்தது. மற்றவர்கள் சொல்கிற கதை என்றால் இங்கேயே முடிந்துபோகும், கேட்டவர்கள் எல்லாம் எழுந்து போய்ப் படுத்துவிடலாம். இந்தக் கதையில் பூங்காவனம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம், "புடவை வேணாம் ராஜா, நிலம் வேணாம். எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் இவ தாண்டிப் போயிட்டா. இதுக்கு மேல கேக்கறா, என்கிட்ட பதில் இல்லை. சொல்லிக் குடுக்க ஒரு வாத்தியாரைக் குடுங்க."

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி வாத்தியார்களைப் பார்த்தார். மாலை வாங்கின வாத்தியார்கள், அவர்கள் பக்கத்தில் மாலை வாங்கின வாத்தியார்கள், அவர்களுக்குப் பின்னாலும் மாலை வாங்கின வாத்தியார்கள்.

பூங்காவனம் அவர்கள் பக்கம் திரும்பினாள். "பெரிய படிப்பு வேணாம்யா. அவ கேக்கற கேள்வி என்னன்னு புரியற ஆளு ஒருத்தர் இருந்தா போதும். யாராவது எழுந்து வாங்க."