தாளாளர் போட்ட கோல்

கல்லூரி லீக் தொடக்க விழாவில் தாளாளர் குலசேகரன் உதைத்த பந்து கோலுக்குள் போனது. அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை.

அவர் கல்லூரிப் பெண்கள் அணியோ ஆடிய ஆட்டமெல்லாம் கோலே இல்லாமல் டிரா.

"வேட்டியோட நான் ஒரே உதையில போட்டேன்! உங்களுக்கு என்ன கேடு? டீமைக் கலைச்சிடுறேன்!"

கோல்கீப்பர் ரோஸ்லின் முன்னே வந்தாள். "இன்னொரு தடவை போடுங்க ஐயா. உள்ள போனா கலைச்சிடுங்க."

ஊரே பார்க்க, வேட்டியை மடித்துக்கட்டி ஓங்கி உதைத்தார். ரோஸ்லின் பந்தை அலுங்காமல் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

"சிறப்பு விருந்தினர் உதைச்சா கீப்பர் விலகி நிக்கிறது வழக்கம் ஐயா. இந்த சீசன்ல நான் வழிவிட்டது அந்த ஒரு பந்துக்குத்தான்."

அணி கலையவில்லை. அடுத்த வருடத் தொடக்க விழாவில் தாளாளர் ரிப்பன் மட்டும் வெட்டினார்.