உலகு குளத்துக்குச் சொன்னது

“பயம் போகணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னைக் கொண்டுவந்து குளக்கரையில குடிவச்சிருக்கீங்க,” என்றாள் உலகு.

நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எங்கிட்ட இருக்கிறது இந்தக் கரைதான். வேற எங்க வைக்கட்டும்?”

உலகுவின் இடுப்பில் கனி இருந்தாள். இரண்டு வயது தாண்டிய பெண். மடியில் நிற்க விடுவாள்; பிறந்த நாளிலிருந்து அவளை உலகு தரையில் விட்டதில்லை. முற்றத்தில் தேள் இருக்கும், தெருவில் நாய் வரும், வாசற்படி தடுக்கும். குழந்தையின் உள்ளங்கால் இன்னும் அதன் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது.

“பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லைன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. அவளை நடக்க விடு உலகு,” என்று கணவன் கெஞ்சினான். கோபித்தான். கடைசியில் அவன்தான் இங்கே கூட்டிவந்து விட்டுப் போனான். நாச்சியாரம்மாவுக்கும் உலகுவுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் நாச்சியாரம்மா ஒரு பார்வை பார்த்தால், பார்க்கப்பட்டவர் ஆளே மாறிவிடுவார் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு.

அவரோ உலகுவை ஒரு பார்வையும் பார்க்கவில்லை. ஒரு குடிசையைக் காட்டினார். அதன் வாசலில் குளம்.

பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிற குளம் அது.

மலை இறங்கி வந்து, களைத்து, வயலாகக் காலை நீட்டிக்கொள்கிற இடத்தில் கிடந்தது. விடிந்ததும் மலை முழுவதும் தலைகீழாக அதற்குள் இறங்கிவிடும். வெயில் ஏற ஏற அல்லிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அதற்குள் தும்பிகள் வந்துவிடும். சுற்றிலும் நெல். நெல்லைத் தாண்டிப் பனை. பனையைத் தாண்டி, வெள்ளைப் புள்ளிகளாக நகர்கிற ஆடுகள். எல்லோரும் குடிக்கிற தண்ணீர் என்பதால் மாட்டை இறக்க மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது.

விடிந்ததும் முதல் குடம் மொள்ளப் போகிறவர், குடத்தைப் படியில் வைத்துவிட்டு, குளத்தைப் பார்த்துப் புகழ்ந்து ஏதாவது சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் சொல்லியிருக்கக் கூடாது.

சொன்னதையே சொன்னால் அன்றைக்குக் குளத்துத் தண்ணீர் யாருக்கும் இல்லை. பனங்காட்டுக்கு அப்பால் இருக்கிற உப்புக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது.

நாச்சியாரம்மா தன் துண்டை எங்கே வைத்தோம் என்பதை மறந்துவிடுவார். குளத்துக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை மறக்க மாட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, தளவாயின் முறை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், நாச்சியாரம்மாவின் சீடர்களில் மூத்தவர். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“கண்ணாடி போலத் தெளிந்த...”

“கண்ணாடி வந்தாச்சு,” என்றார் நாச்சியாரம்மா.

“பளிங்கு?”

“அது கண்ணாடிக்குத் தம்பி.”

“சரி. வெள்ளித் தாம்பாளம்.”

“வாத்தியாரே, நீங்க குளத்தைப் பாக்கீங்களா, பாத்திரக்கடையைப் பாக்கீங்களா?”

தளவாய் வாளியை எடுத்துக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் நடந்தார்.

மதியம், வேகாத பருப்பை மென்றுகொண்டே அவர் சொன்னார்: “ஒரு மழைக்காலமே போயிட்டு. இந்தத் தாயி ஒரு நாளாவது முறை எடுத்துச்சா? ஒரு நாள் பிள்ளைக்குச் சளி. ஒரு நாள் தலைவலி. மண்டையைப் போட்டு உடைக்கிறது நாங்க மட்டுந்தானா?”

 கனி அம்மாவின் மடியில் இருந்துகொண்டு பருப்பைத் துப்பினாள்.

“நாளைக்கு உலகு முறை,” என்றார் நாச்சியாரம்மா.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல அம்மா. அந்தக் குளத்தைப் பாத்தாலே எனக்குப் பயந்தான் வருது.”

“ஒண்ணுமே இல்லைன்னா ஊருக்குப் போயிரு. இதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்ல வராதவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு?”

ஊருக்குப் போனால் கனி இடுப்பிலேயே வளருவாள். உலகுவுக்கு அது தெரியும். அதைத் தன்னால் நிறுத்த முடியாது என்பதும் தெரியும்.

விடிந்தது. உலகு துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டுதான் குளத்துக்கு வந்தாள். மூட்டையையும் குடத்தையும் மேல்படியில் வைத்தாள். கீழே இறங்கவில்லை.

“சொல்லு,” என்றார் நாச்சியாரம்மா.

“அழகா இருக்கு.”

“அது முதல் நாளே வந்தாச்சு.”

உலகு குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அப்போ நான் பாத்ததையே சொல்லுதேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி. போகத்தானே போறேன்.”

குளத்தைப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்தது.

“உன்னை எனக்குப் பிடிக்காது.

“ஆலமர நிழல் விழுற படியில பாசி வச்சிருக்க. பச்சையா இருந்தா தெரிஞ்சிரும்னு கறுப்பா வச்சிருக்க.

“உச்சி வெயில்ல அடித்தரையைக் கைக்கு எட்டுற மாதிரி காட்டுவ. மூங்கில் கழியை விட்டுப் பாத்தேன். என் தலைக்கு மேல ஆழம்.

“வடகரையில தரை மாதிரி கிடக்கிறது தரையே இல்ல. கோரை வேர் மேல வண்டல் படிஞ்சு கிடக்கு. கொக்கு நிக்கும். ஆளு நின்னா உள்ள இழுத்துக்கிடுவ.”

“நான் தினமும் அங்க நின்னுதான வேப்பங்குச்சி மெல்லுதேன்,” என்றார் தளவாய், மெதுவாக.

உலகு திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்க நிக்கிறது கல்லு மேல. ஒரு எட்டு இடப்பக்கம் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

தளவாய் வடகரையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

“கனி தொட்டில்ல தூங்கும்போது, அவ பாரத்துக்கு மணலைத் துணியில கட்டி அல்லிக்கு நடுவுல போட்டேன். சத்தமே இல்ல. இலை விலகிச்சு. திரும்ப மூடிக்கிட்டு. எங்க போட்டேன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு நான் சாப்பிடல.

“மலையில மழை பெஞ்சா, இங்க வெயில் அடிக்கும்போதே நீ ஏறுவ. சொல்லவும் மாட்ட. ஆனா வாய்க்கால் வந்து சேர்ற இடத்துல முதல்ல நுரை ஒதுங்கும். நுரையில சருகு கிடந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேல வந்துரணும்.

“முக்குளிப்பான் பறவை குஞ்சை முதுகில வச்சுக்கிட்டே முங்குது. என்ன அழகுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அது மறுபடி எந்திரிக்கிற வரைக்கும் நான் மூச்சு விடுறதில்ல. எந்திரிச்சதும் முதுகைத்தான் பாப்பேன். ஒரு நாள் குஞ்சு இல்ல.”

அவள் நிறுத்தினாள். கரையில் நின்றவர்களும் மூச்சு விடவில்லை.

“கொஞ்சம் தள்ளித் தனியா மிதந்துச்சு. தக்கை மாதிரி. தாய் அவசரப்படவே இல்ல. சும்மா முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுது. குஞ்சு நீந்திப் போய் ஏறிக்கிட்டு.

“உன்கிட்ட நம்புற மாதிரி ஒரே ஒரு இடந்தான் இருக்கு. இந்தப் படிக்கு வலப்பக்கம், சட்டியைக் கவுத்த மாதிரி ஒரு பாறை. சொரசொரப்பு. மீன் மேஞ்சுக்கிட்டே இருக்கிறதால பாசி பிடிக்காது. தண்ணி கணுக்கால் வரைக்குந்தான். மத்த எல்லா இடத்தையும் தேடினப்போ இது கிடைச்சுது.

“அவ்வளவுதான். நான் போயிட்டு வாரேன்.”

உலகு மூட்டையை எடுக்கக் குனிந்தாள்.

“அம்மா,” என்றார் தளவாய், “இது புகழ்ச்சி இல்லையே. குத்தம் சொல்லுற மாதிரில்லா இருக்கு.”

“இதுல ஏதாவது முன்னாடி வந்திருக்கா வாத்தியாரே?”

“இல்ல.”

“கண்ணால பாத்ததா?”

தளவாய் குளத்தைப் பார்த்தார். எத்தனையோ காலமாகப் பார்க்கிற குளம். முதல்முறையாக அவர் அதிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

“எங்கள்ல ஒருத்தரும் இதை இவ்வளவு பாத்ததில்ல,” என்றார்.

நாச்சியாரம்மா எழுந்தார். புகழ்ச்சி முடிந்ததும் குளத்தைக் கும்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் உலகுவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

உலகு மூட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

“பயம் போகலையே அம்மா.”

“தண்ணி வேணும்,” என்றார் நாச்சியாரம்மா. “பருப்பு வேகணும். குடத்தை எடு.”

உலகு குடத்தை எடுத்தாள். அது நிறைந்தால் இடுப்பில்தான் வைக்க வேண்டும். இடுப்பில் கனி இருந்தாள்.

குடத்தைப் பார்த்தாள். கனியைப் பார்த்தாள்.

தளவாய் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நாச்சியாரம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

உலகு இறங்கினாள். நிழல் விழுகிற படியில் கால் வைக்காமல், ஓரமாக, ஒவ்வொரு படியாக. தண்ணீரின் விளிம்பில் வலப்பக்கம் திரும்பினாள். பாறை அங்கேதான் இருந்தது.

நெடுநேரம் நின்றாள்.

பிறகு குனிந்து, குழந்தையை அதன்மேல் இறக்கினாள்.

கனி கத்தவில்லை. காலடியில் கெட்டியாக ஏதோ இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். தண்ணீர் வளையம் வளையமாக விலகிப் போனது. சின்னச் சின்ன நிழல்கள் அவள் விரல்களைச் சுற்றி வந்தன.

“கடிக்குது.”

“கெண்டைக் குஞ்சு. அதுக்குப் பல் கிடையாது,” என்றாள் உலகு.

அவள் கண் மகளை விட்டு நகரவில்லை. ஆனால் குடத்தைச் சாய்த்து மொள்ளும்போது அவளுடைய இரண்டு கைகளும் குடத்தில் இருந்தன. கனி தானாக நின்றாள்.

மேல்படியிலிருந்து நாச்சியாரம்மா கேட்டார்: “நாளைக்கு யார் முறை?”

“உலகுவே எடுக்கட்டும்,” என்றார் தளவாய், அவசரமாக.

“என்ன உலகு, இன்னும் சொல்ல ஏதாவது இருக்கா?”

உலகு நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினாள். காலியாக இருந்த கையை மகளிடம் நீட்டினாள்.

“தென்கரைக்கு நான் இன்னும் வரவே இல்லையே அம்மா.”