சங்கரவடிவின் செல்கள்

கோமளவல்லி அம்மையார் புற்றுநோய்ச் செல்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே அவரிடம் வேலை கற்றவன் ஜெரால்டு. தூத்துக்குடிக்காரன்.

செல் எப்படி வளர்கிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் அந்தக் கூடத்தின் கேள்வி. நல்ல செல், பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். புற்றுச் செல் நிற்காது. அடுத்ததன்மேல் ஏறி வளரும்.

ஜெரால்டு ஒரு புரதத்தைக் கண்டுபிடித்திருந்தான். அதை உள்ளே செலுத்தினால் புற்றுச் செல்லும் நின்றது.

கட்டுரை எழுதி அம்மையாரிடம் கொடுத்துவிட்டான். அது வெளியானால் புனேயில் ஒரு வேலை நிச்சயம்.

"எப்ப அனுப்பலாம் மேடம்?"

"படிச்சிட்டிருக்கேன்."

"ஏதாவது குறையா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கே."

அனுப்பு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நாட்கள் போயின. ஜெரால்டுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

ஒரு காலையில் கூடத்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பூப்பொட்டலம்.

"எங்கம்மா இங்க இருக்காளாம். பாக்கணும்."

ஜெரால்டு வழி தவறியவர் என்று நினைத்தான். "ஆஸ்பத்திரி பக்கத்துக் கட்டடம் அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரி இல்ல தம்பி. அம்மா செத்துப் பதினெட்டு வருசமாச்சு. அவ செல்லு இங்க உசுரோட இருக்காம்லா. டாக்டர் சொன்னாரு."

அவர் பெயர் ஆவுடைநாயகம். சங்கரன்கோவிலில் மின்வாரிய லைன்மேன். அம்மாவுக்கு அன்று வைத்தியம் பார்த்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

"அப்படி யாரையும் உள்ளே விட முடியாது" என்றான் ஜெரால்டு.

பின்னாலிருந்து அம்மையாரின் குரல் வந்தது. "அம்மா பேரு என்ன?"

"சங்கரவடிவு."

அம்மையாருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. அந்தச் செல்களை வார்டுக்குப் போய் வாங்கி வந்தவரே அவர்தான்.

"வாங்க" என்றார்.

ஆவுடைநாயகம் கோயிலுக்குள் நுழைகிறவர்போல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். கோட்டு மாட்டினார்கள். செல்கள் வளரும் தட்டு ஒன்றை வைத்த மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார்கள். வெளிச்ச வட்டத்துக்குள் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று முண்டியடித்துக்கொண்டு கிடந்தன.

அவர் கண்ணை எடுக்காமலே கை கூப்பினார்.

"இது அம்மாதான?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஜெரால்டு வாயெடுத்தான்.

"இல்லை" என்றார் அம்மையார். "அம்மாவைக் கொண்டுபோனது."

கூப்பிய கைகள் பிரிந்தன. ஆவுடைநாயகம் நிமிர்ந்தார்.

"இதுக்கா இத்தன வருசமாச் சோறு போட்டு வளக்கிய?"

"ஆமா."

"எதுக்கு?"

"இதை நிறுத்துறது எப்படின்னு தெரிஞ்சுக்க."

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"உங்க அப்பாகிட்ட கேட்டோம். அம்மாகிட்ட கேட்கலை. கேட்டிருக்கணும்."

அவர் நாற்காலியை மைக்ராஸ்கோப்பிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இது இருக்க வேண்டாம். அழிச்சிருங்க."

ஜெரால்டு பதறிப்போனான். "அண்ணாச்சி, என் ஆராய்ச்சி முழுக்க இதுலதான்..."

அம்மையார் கையமர்த்தினார். அலமாரியிலிருந்து பிளீச் பாட்டிலை எடுத்து ஆவுடைநாயகத்தின் முன்னால் வைத்தார்.

"இதை அந்தத் தட்டுல ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல செத்துடும்." பிறகு ஜெரால்டு பக்கம் திரும்பினார். "நைட்ரஜன் தொட்டியில உறைய வெச்சிருக்கோமே, அதையும் எடுத்துட்டு வா. எல்லாத்தையும்."

"மேடம், இந்தச் செல் வேற எங்கயும் கிடையாது."

"தெரியும். யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தது நான்தான்."

ஜெரால்டு போனான். தொட்டியைத் திறந்ததும் வெண்புகை எழுந்து முகத்தில் மோதியது. குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து உலர்பனி நிரப்பிய பெட்டியில் வைத்தான். கடைசிக் குழாயில் கை நின்றது. ஒன்று இங்கேயே கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

நின்றான். பிறகு அதையும் எடுத்துக்கொண்டான்.

அவன் திரும்பியபோது ஆவுடைநாயகம் பாட்டிலைத் திறந்திருந்தார். பிளீச் நெடி மூக்கைத் துளைத்தது. ஆனால் அவர் பார்வை ஓரத்தில் இருந்த வேறொரு தட்டின்மேல் இருந்தது.

"அது என்ன தம்பி?"

"அதுவும் இதே செல்தான். நான் கண்டுபிடிச்சதை அதுக்குள்ள விட்டிருக்கேன்."

"காட்டுங்க."

காட்டினான். அவர் குனிந்து பார்த்தார்.

"முண்டல் மோதல் இல்லியே. ஆளுக்கொரு எடத்துல கெடக்கு."

"நின்னுட்டுது அண்ணாச்சி. வளரலை."

"எங்கம்மாவக் கொன்னது நின்னுட்டா?"

"நின்னுட்டுது."

அவர் முகம் விரிந்தது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இதுவரை எந்த விஞ்ஞானியும் அப்படிப் பார்த்து ஜெரால்டு கண்டதில்லை.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம்னா?"

"நின்னது நின்னபடியே இருக்குமா? அம்மாவுக்கும் மொதல்ல நின்னுச்சு. ஆப்பரேசன் முடிஞ்சு வந்து கோயில் கொடைத் திருவிழாவுல பொங்கல்லாம் வச்சா. ஊரே பாத்துச்சு. மறு வருசம் திரும்ப வந்துட்டு. அதான் கேக்கேன்."

ஜெரால்டு அம்மையாரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையின் படங்கள் புரதம் செலுத்திய இரண்டாம் வாரத்தோடு முடிந்திருந்தன. மூன்றாம் வாரத்தில் என்ன நடந்தது என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஏதோ கைத்தவறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தத் தட்டுகளை எல்லாம் அவனேதான் குப்பையில் போட்டிருந்தான்.

ஆவுடைநாயகம் பதிலுக்காகக் காத்திருந்தார். புனே கண்முன் வந்து போனது.

"மறுபடி வளருது" என்றான் ஜெரால்டு. "எல்லாம் இல்லை. சிலது. மூணாவது வாரம் கிளம்புது. ஏன்னு எனக்குத் தெரியலை."

ஆவுடைநாயகம் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்தார். இறுக்கித் திருகினார்.

"அப்ப வேல முடியல."

"முடியலை."

"முடிஞ்ச பொறவு சொல்லி அனுப்புங்க. நான் வந்து ஊத்துதேன்."

பூப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதுக்கு எதுக்குப் பூ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அம்மையார் வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார்.

ஜெரால்டு குழாய்களைத் தொட்டிக்குள் திரும்ப வைத்தான். எல்லாம் வைத்து முடித்துவிட்டு அம்மையாரின் அறைக்கு வந்தான்.

"மேடம், அவர் ஊத்தியிருந்தா எல்லாமே போயிருக்குமே!"

"எல்லாம் போயிருக்காது" என்றார் அம்மையார். "ரெண்டாம் வாரத்தோட நிக்கிற உன் கட்டுரை பிழைச்சிருக்கும். அது சரியான்னு பார்க்க ஒரு செல்லும் மிஞ்சியிருக்காது."