மட்டுறுத்தல் பெட்டி

“குருவே, ஏரி ஜெயிச்சிடும்போல இருக்கு. ஆனா ஒரே ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டேன்.”

தணிகாசலம் சைக்கிளை நிறுத்தி முடிக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

குரு தன் ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, உள்ளே சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தாள். பெயர் தமயந்தி. சீடரைவிட இருபது வயது இளையவள். வலைப்பூ என்பது எல்லோருக்கும் புதிதாக இருந்த காலத்தில், ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சொல்லிக்கொடுத்தவள். கற்க வந்தவர்களில் விடாமல் எழுதியவர் தணிகாசலம் ஒருவரே.

ஊர் ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டப் போகிறார்கள். அது எங்கள் திட்டம்தான் என்று இரண்டு கட்சிகளும் அடித்துக்கொண்டன. தணிகாசலம் இரண்டு கட்சிகளையும் திட்டி எழுதினார். மறுநாள் காலை கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

“என்ன கேள்வி சார்?”

“ஏரி வேண்டாம்னா வேற எங்க கட்டறது, இடத்தைச் சொல்லுங்கன்னு கேப்பாங்க. இடம் சொல்லலேன்னா நாளையோட முடிஞ்சுது. மண் லாரி கரையிலயே வந்து நிக்குது.”

“வலைப்பூவுல கேட்டீங்களா?”

“கேக்காம? படிக்கிறவங்க குவியறாங்க. துபாய்லேர்ந்துகூட.”

“என்ன சொல்றாங்க?”

தணிகாசலம் கணினி முன் உட்கார்ந்து, குரலை உயர்த்திப் படித்தார்.

“ ‘அருமை.’ ‘மிக அருமை.’ ‘சாட்டையடி.’ ‘கண் கலங்கிவிட்டது.’ ‘தொடருங்கள் தோழர்.’ ”

“இதுல எது சார் இடம்?”

“கிண்டல் பண்ணாதீங்க குருவே.”

“எதிர்த்து யாரும் எழுதலையா?”

“ஒருத்தர்கூட இல்லை” என்றார், பெருமையாக.

தமயந்தி வந்து திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். மட்டுறுத்தல் பெட்டி. வந்த மறுமொழிகள், எழுதியவர் பார்த்து வெளியிடும்வரை காத்திருக்கும் இடம்.

“இதுல?”

“அது குப்பை. எவனோ பேர் போடாம திட்டறான். முதல் வரியைப் பார்த்ததுமே விட்டுடுவேன்.”

“படிங்க.”

“ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால படிக்கிற மாதிரி இல்லை.”

“நான் காதைப் பொத்திக்கறேன்.”

பொத்திக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டியில் புதியது மேலே இருக்கும், பழையது கீழே.

“ ‘டேய் செவிட்டு எருமை.’ போதுமா?”

“அதுக்குக் கீழ?”

“ ‘யோவ், பேசற மனுஷனை மதிக்கத் தெரியலை, நீ எப்படிய்யா ஏரியைக் காப்பாத்துவே?’ ”

“கீழ போங்க.”

“ ‘என்ன சார், எத்தனை தடவைதான் எழுதறது? போட மாட்டேங்கறீங்களே.’ ”

அவர் குரல் இறங்கியது.

“இன்னும் கீழ.”

“ ‘ஐயா, என் மறுமொழி வந்து சேரவில்லையோ என்று மீண்டும் அனுப்புகிறேன்.’ ”

“அவ்வளவுதானா?”

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

அதில் பெயர் இருந்தது.

“ ‘ஐயா, வணக்கம். பேருந்து நிலையம் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.’ அன்னைக்கு இதோட நிறுத்திட்டேன்.”

“இன்னைக்கு நிறுத்தச் சொல்லலையே.”

“ ‘என் மகள் மழையில் புளியமரத்தடியில்தான் பேருந்துக்கு நிற்கிறாள். ஆனால் அதற்காக ஏரியைத் தூர்க்க வேண்டியதில்லை. ரயிலடிக்குப் பின்னால் அரசு நெல் கிடங்கு பல வருடமாக மூடிக் கிடக்கிறது. நல்ல மேட்டு நிலம். இருபக்கமும் சாலை. நீங்கள் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். இப்படிக்கு, எத்திராஜுலு, கிடங்குத் தெரு.’ ”

கீழே கைபேசி எண்.

தணிகாசலம் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நெல் கிடங்கு! குருவே, இப்பகூட அந்தச் சுவரை ஒட்டித்தானே சைக்கிள்ல வந்தேன். அரசு இடம், யார் வீட்டையும் இடிக்க வேண்டாம். நாளைக்கு ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. இப்பவே ஒரு பதிவு போட்டுடறேன். தலைப்பு மட்டும் சொல்லுங்க.”

தமயந்தி நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்தாள். திரையைப் பார்த்து எண்ணை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

மணி அடித்தது.

“ஐயையோ. யாருன்னு சொல்லிக்கறது?”

அவள் சிக்கிய தாளிடம் திரும்பிவிட்டாள்.

“ஹலோ, யாரு?” என்றது மறுமுனை.

தணிகாசலம் திரையில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், உச்சியில் நிறுத்தினார்.

“செவிட்டு எருமைதாங்க பேசறேன்.”