சிறு திருத்தம்

பார்வையற்றோர் படிக்கும் பிரெய்ல் தாளை அச்சிட ஒரு மென்பொருள் உண்டு. எங்கோ யாரோ எழுதும் அதன் மூல நிரலை வாங்கி, நம் பள்ளிகளில் இருக்கும் இயந்திரங்களுக்கு ஏற்பத் திருத்தி, பள்ளிகள் அப்படியே நிறுவிக்கொள்ளும் பொதியாக்கி அனுப்பிவந்தார் மெஹருன்னிசா. பதினோரு வருடமாக, சம்பளம் இல்லாமல்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். பாலிடெக்னிக்கில் ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர்.

புதிய பதிப்பைப் பொதியாக்கும் வேலை தணிகாசலத்திடம் வந்தது. பழைய திருத்தங்களில் ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்துக்கு இருபத்தாறு வரி என்பதை இருபத்தைந்தாக மாற்றியிருந்தார்கள். குறிப்பில் 'சிறு திருத்தம்' என்று மட்டும் இருந்தது. தேவையற்றது என்று அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பொதியை அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர் செல்லையா மெஹருன்னிசாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் தணிகாசலமும் கேட்டார்.

"மேடம், அரையாண்டுப் பரீட்சை நடக்குது. வினாத்தாள்ல ஒவ்வொரு பக்கமும் கடைசி வரி விழலை. எங்க தாள்ல இருபத்தஞ்சு வரிதான் பிடிக்கும். பிள்ளைங்க அடிவரைக்கும் தடவித் தடவித் தேடுறாங்க. ஒரு பொண்ணு தனக்குத்தான் படிக்க வரலைன்னு அழுதுட்டா."

தான் எடுத்துவிட்ட திருத்தம்தான் காரணம் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது. அப்புறம் கோபம் வந்தது.

"ரெண்டே வார்த்தை எழுதி வெச்சிருக்கான். யாரு மேடம் அவன்?"

மெஹருன்னிசா பழைய பதிவைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் எதிரில் மெஹருன்னிசாவின் பெயர்.

தணிகாசலம் தலை குனிந்தார். "மன்னிச்சிடுங்க. உங்களையே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது சார். எதுக்குச் செஞ்சேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

மெஹருன்னிசா செல்லையாவைத் திரும்ப அழைத்தார். "தப்பு என்னோடதுதான் சார். பரீட்சையை மதியத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணிடம் தாள்தான் தப்பு என்று சொல்லச் சொன்னார்.

பதினொன்றரைக்குத் திருத்தம் மீண்டும் நிரலில் ஏறியது. தணிகாசலம் குறிப்பு எழுதினார்: 'பக்க வரிகள் 26-இலிருந்து 25 ஆக்கப்பட்டன.'

மெஹருன்னிசா படித்தார். "இது நிரலைப் பார்த்தாலே தெரியுமே சார்."

தணிகாசலம் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எந்தப் பள்ளி, எந்த இயந்திரம், தாளின் நீளம் என்ன, வரி கூடினால் என்ன ஆகும், யார் சொல்லித் தெரிந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். ஒற்றை எண்ணை மாற்றியதற்குப் பதினான்கு வரி. பொதி கிளம்பியது. மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. எல்லா வரியும் விழுந்திருந்தது.

தணிகாசலம் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? இங்க இருக்கறது நாம ரெண்டு பேர். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. இவ்வளவும் யாருக்காக எழுதறோம்?"

மெஹருன்னிசா அடுத்த பொதியைத் திறந்துகொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"இன்னிக்குத் தெரியும் சார். ஒன்பது வருஷம் கழிச்சு?"