பழைய ஜீப்பின் ஹீட்டர்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் தேவசேனா அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு பழைய ஜீப். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போகும் மண்பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது. அதனால் உடம்பு முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் கூட்டி வருவதும் அந்த ஜீப்தான். அம்மாவே ஓட்டுவார்.

அவருடைய சீடர் அருணகிரி அவரைவிட வயதில் மூத்தவர். கோவையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு மலைக்கு வந்துவிட்டார். கூடம் பெருக்குவார், விறகு பிளப்பார், விடியும் முன்பே தியானத்தில் உட்காருவார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார். செய்து முடித்ததும் யாராவது பார்த்தார்களா என்று ஒரு தடவை திரும்பியும் பார்ப்பார். அது அவருக்கே தெரியும். அதுதான் அவருடைய வருத்தம்.

அந்தத் தை மாதம் பனி கடுமையாக விழுந்தது. மேல் குடியிருப்பில் இருந்த பவளத்துக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றியவர்கள், மாட்டுப்பொங்கலன்று கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். குளிர் படக்கூடாது, அதிகச் சூடும் ஆகாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஜீப்பில் ஹீட்டர் இருந்தது. அது வேலை செய்து வருஷக்கணக்காகிவிட்டது.

முந்தின நாள் காலையில் அம்மாவும் அருணகிரியும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. இன்ஜினின் சூடு அதற்குள் வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியின் வாயில் ஒரு சின்ன மூடி. அது திறந்தால் சூடான காற்று வண்டிக்குள் வரும், மூடினால் நின்றுவிடும். டேஷ்போர்டில் இருக்கும் பிடியை நகர்த்தினால் ஒரு மெல்லிய கேபிள் அந்த மூடியை இழுக்க வேண்டும். கேபிள் துருவேறி, உறைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

அருணகிரி மல்லாந்து படுத்து எண்ணெய் விட்டார். அம்மா டார்ச் பிடித்தார். படுத்தபடியே அவர் கேட்டார்.

"அம்மா, எதைச் செஞ்சாலும் 'நான் செஞ்சேன்'ங்கிறது கூடவே வருது. அது எப்போ போகும்?"

அம்மா டார்ச்சைச் சற்று நகர்த்தினார்.

"திருப்புளி உங்க இடது கைப்பக்கம் இருக்கு," என்றார்.

மத்தியானத்துக்குள் கேபிள் இளகிவிட்டது. அருணகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, பிடியை அப்படியும் இப்படியும் நகர்த்திக் காட்டினார். எல்லாரும் கை நீட்டிச் சூடு பார்த்தார்கள். அம்மாவும் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் மலை இறங்கும்போது வழியெல்லாம் அருணகிரி பிடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். கடைசி வளைவுகளில் ஒன்றில் கேபிள் அறுந்தது. பிடி கையில் தளர்ந்து ஆடியது. உள்ளே மூடி தன் எடையிலேயே விழுந்து மூடிக்கொண்டது.

பண்டிகை நாள். கடைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒரு பட்டறையில், அந்த வண்டிக்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை என்றார்கள். மூடியைத் திறந்தபடியே கட்டிவிடலாமா என்று அருணகிரி கேட்டார். கட்டினால் அடிவாரத்தில் குழந்தை வெந்துவிடும், கட்டாமல் விட்டால் மேலே விறைத்துவிடும், வழியெல்லாம் கூட்டியும் குறைத்தும்தான் ஆகவேண்டும் என்றார் அம்மா.

அருணகிரியின் முகம் வாடிவிட்டது. தான் கையை வைத்துக்கொண்டு சும்மா வந்திருந்தால் அறுந்திருக்காது என்றார்.

அம்மா குனிந்து, பெட்டிக்கு அடியில் கையை விட்டு, மூடியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"கை எட்டுது," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் பவளம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கம்பளிக்குள் குழந்தையின் மூக்கு மட்டும் தெரிந்தது. அருணகிரி முன் இருக்கையிலிருந்து இறங்கி, கால் வைக்கும் இடத்தில் மடங்கி உட்கார்ந்து, கையைப் பெட்டிக்கு அடியில் விட்டுக்கொண்டார். பின்னால் இருந்து பார்த்தால் அவருடைய குல்லாவின் உச்சி மட்டும்தான் தெரியும்.

வண்டி ஏறத் தொடங்கியது. பாக்குமரங்கள் பின்தங்கின. மூடுபனி ரோட்டுக்கு வந்தது.

கொஞ்சம் குளிருகிறது என்றாள் பவளம். அருணகிரியின் விரல்கள் மூடியைத் தள்ளின. சூடு பரவியது. சற்று நேரம் கழித்து, பிள்ளைக்கு நெற்றி வேர்க்கிறது என்றாள். விரல்கள் தாழ்ந்தன. பிறகு அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கதவிடுக்கில் வந்த காற்று காதில் படுவதையும், குழந்தை சிணுங்குவதையும் வைத்தே எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

தகரத்தின் விளிம்பு மணிக்கட்டை அழுத்தியது. ஒரு கை மரத்துப்போனால் மறு கையை விட்டுக்கொண்டார். மண்பாதையில் வண்டி குலுங்கியபோது தலை டேஷ்போர்டில் இடித்தது. கையை எடுக்கவில்லை. எந்த ஊரைத் தாண்டினோம், எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் குழந்தை மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் பவளத்தின் கணவன் கணப்பு மூட்டிக் காத்திருந்தான். ஓடி வந்து கம்பளியை விலக்கிப் பார்த்தான். குழந்தை சிவந்த முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"என் வீட்டைவிட வண்டியில நல்லா இருந்துச்சும்மா," என்றாள் பவளம். "அந்த ஹீட்டர் சொன்ன பேச்சு கேக்குது."

அருணகிரி கால் மரத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவள் அவரைப் பார்த்துப் பரிவோடு சொன்னாள்.

"ஐயாவுக்குத்தான் பாவம், ரொம்ப அசதி. ஏறினதிலேருந்து தலை நிமிரவே இல்ல. நல்லா தூங்கிட்டாரு."

அருணகிரி வாயைத் திறந்தார். கம்பளிக்குள் குழந்தை சப்புக்கொட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாம்மா," என்றார். "நல்ல தூக்கம்."

பவளத்தின் கணவன் டீ கொடுத்தான். அருணகிரி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தார்.

திரும்பும்போது அவர் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஹீட்டர் மூடியே இருந்தது. இருவருக்கும் அது தேவைப்படவில்லை. தேயிலைச் சரிவுகளில் மாலை வெயில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நான் தூங்கினேன்னு அவ சொன்னப்போ, இல்லைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சும்மா," என்றார். "அந்த 'நான் செஞ்சேன்' இன்னும் போகல."

"வழியில அது உங்க கையை எடுக்கச் சொல்லுச்சா?"

அருணகிரி யோசித்தார்.

"இல்ல."

அம்மா கியரை மாற்றினார்.

"அப்போ அது பாட்டுக்கு வரட்டும். வண்டியில இடம் இருக்கு."