கடைவாய்ப் பல்லும் கூத்துச்சாலையும்

முன்னொரு காலத்திலே கொன்றைநாட்டை உத்தண்டராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவருடைய வயிறும் தூக்கமும் கடைவாய்ப் பல்லும்தான் ஆண்டன. வயிறு நிறைந்தால் தானம், தூக்கம் கெட்டால் தண்டனை.

அரண்மனைக்கு ஒரு கூத்துச்சாலை இருந்தது. வேலப்ப வாத்தியார் அதை வெகுகாலம் நடத்தி, கண்பார்வை மங்கியதும் ஒதுங்கிக்கொண்டார். அடுத்துத் தலைமைக்கு வந்தவள் கோமளவல்லி. அவள் ‘பானைக்குள் பட்டத்து யானை’ என்று புதிதாக ஒரு கூத்துக் கட்டினாள். அரங்கேற்றத்தன்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பல்வலி. அதை வெளியே சொல்வது ராஜாவுக்கு அழகா? “சிரிப்பே வரவில்லை. இவளை மாற்றுங்கள்” என்றார். கோமளவல்லி வீட்டுக்குப் போனாள்.

சபையில் எப்போதும் முன்னால் வந்து நிற்கும் சந்திரசூடர் அந்தப் பதவியில் உட்கார்ந்தார். சில நாளில் அரண்மனை வைத்தியர் ராஜாவின் பல்லைப் பிடுங்கினார். அதே யானைக் கூத்தை ராஜா மறுபடி பார்த்தார்; கண்ணில் நீர் வரச் சிரித்தார். முன்பே பார்த்த கூத்து என்பது அவருக்கு நினைவில்லை. போன தடவை அவர் பல்லையல்லவா கவனித்துக்கொண்டிருந்தார்? “சூடரே, உம் கை பட்டதும் கூத்துச்சாலைக்கே உயிர் வந்துவிட்டது” என்றார். சூடர் குனிந்து வணங்கினாரே தவிர, அது கோமளவல்லி கட்டிய கூத்து என்று சொல்லவில்லை.

புகழ் சிலருக்கு எவ்வளவு வந்தாலும் போதாது. ஒருநாள் சூடர் எழுந்து, “மகாராஜா, கூத்துச்சாலையை நடத்திய மூவரில் சிறந்தவர் யார் என்று தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிறந்தவருக்குத் தங்கச் சலங்கை. மற்ற இருவரும் இந்த நாட்டில் எந்த மேடையிலும் இனி ஏறக்கூடாது” என்றார். ராஜா அப்போதுதான் பாயசம் குடித்திருந்தார். “அப்படியே ஆகட்டும்” என்றார்.

செய்தி கேட்டதும் கோமளவல்லி அழுதுவிட்டாள். பதவி போனபோதுகூட அவள் அழவில்லை. கோயில் திருவிழாக்களில் ஆடிப் பிழைத்துக்கொண்டாள். மேடையே இல்லையென்றால் எப்படி உயிரோடிருப்பது? நேரே மந்திரி பூவராகரிடம் ஓடினாள்.

“ஐயா, ராஜா முன்னால எது ஆடினாலும் அது சூடரோடதுன்னு ஆயிடுதே. என் கூத்தை என் கூத்துன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

“நீ சொல்ல வேண்டாம்மா. அவர் வாயாலேயே சொல்ல வைப்போம்” என்றார் மந்திரி, வெற்றிலையை மடித்தபடி.

மறுநாள் சபையில் மந்திரி ஒரு நிபந்தனை வைத்தார். “அவரவர் காலத்தில் கூத்துச்சாலைக்கு வந்து சேர்ந்ததை மட்டும் வைத்து அவரவர் ஆடிக் காட்டட்டும், மகாராஜா. ஆள், கதை, பாட்டு, மத்தளம் எல்லாமே.”

“சூடரே, சம்மதமா?”

“கூத்துச்சாலையே என்னுடையதுதானே, மகாராஜா. இதில் சம்மதிக்க என்ன இருக்கிறது?”

வசந்த விழாவுக்கு மேடை போட்டார்கள். முதல் நாள் வேலப்பர். அவர் பழக்கிய ஆட்டக்காரர்களின் குரல் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது. ஆனால் கதையோ ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ராஜா ஆட்டத்தை ரசித்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

மறுநாள் கோமளவல்லி மேடையில் தனியாக வந்து நின்றாள். ராஜாவைக் கும்பிட்டாள்.

“மகாராஜா, யானைக் கூத்தோட கதையும் பாட்டும் என்னுது. ஆடற காலும் அடிக்கிற மத்தளமும் வாத்தியாரு வளர்த்தது. அது இல்லாம என் கூத்து நொண்டும். அவர்கிட்ட இரவல் வாங்கி ஆட உத்தரவு வேணும்.”

ராஜா புருவத்தைச் சுருக்கினார். “யானைக் கூத்தா? அது சூடருடையதல்லவா?”

“அவரையே கேட்போம்” என்றார் மந்திரி. “சூடரே, அது அரங்கேறியது யார் தலைமையில்?”

அரங்கேற்றத்தைப் பார்த்த ஊர் மொத்தமும் எதிரே உட்கார்ந்திருந்தது. சூடர் ஊரை ஒரு பார்வை பார்த்தார். “இவள் தலைமையில்தான். ஆனால் அன்றைக்குத் தாங்கள் சிரிக்கவில்லையே, மகாராஜா.”

ராஜாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பிறகு ஆடச் சொல்லிக் கையசைத்தார்.

“எடுத்துக்க தாயி” என்றார் முன்வரிசையிலிருந்த வேலப்பர். “என்னைக் கேட்டு எடுத்தவ நீ ஒருத்திதான்.”

அன்று கோமளவல்லி ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் சூடர் பரிவாரத்தோடு வந்தார். மேடைப் படியில் மந்திரி நின்றிருந்தார்.

“இந்த மத்தளம்?”

“வேலப்பர் காலத்தது.”

“கீழே வையுங்கள். பாட்டு?”

“கோமளவல்லி கட்டியது.”

“அப்படியானால் பாடக்கூடாது. ஆட்டக்காரர்கள்?”

அவர்கள் வேலப்பர் பழக்கியவர்கள். ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். கடைசியில் மிஞ்சியது, சூடர் தமக்கென்று செய்துகொண்ட மயிற்பீலி ஆசனமும், தம் வருகையை அறிவிக்க அவர் வேலைக்கு வைத்த எக்காளக்காரனும்தான்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வேலை. எக்காளத்தை ஊதி, “கலைக்கடல் சந்திரசூடர் வருகிறார்” என்று கூவினான். சூடர் வந்து உட்கார்ந்தார். பிறகு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. மேடையில் சும்மா நிற்கக்கூடாதே என்று அவன் மறுபடி ஊதினான். “கலைக்கடல் சந்திரசூடர் வருகிறார்.” பழக்கதோஷம், உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய் மறுபடி வந்தார்.

“வந்தவரே வர்றாரு பாரு” என்றான் கூட்டத்தில் ஒருவன். கொல்லென்று சிரிப்பு. எக்காளக்காரன் மறுபடி ஊத, சூடர் மறுபடி வர, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் சாய்ந்துவிட்டார்.

சூடர் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா, மகாராஜா. என் காலத்தில்தான் இவ்வளவு சிரிப்பு.”

“மறுக்க முடியாது” என்றார் ராஜா, கண்ணைத் துடைத்தபடி. “ஆகையால் தினமும் கூத்துக்கு முன்னால் நீர் இப்படியே வந்து வந்து போக வேண்டும். எப்போது வருவது, எப்போது போவது என்பதைக் கோமளவல்லி சொல்வாள். கூத்துச்சாலையும் தங்கச் சலங்கையும் இனி அவளுடையவை. மேடைத் தடை யாருக்கும் இல்லை.”

தங்கச் சலங்கையில் ஒன்றை மட்டும் கோமளவல்லி தன் காலில் கட்டிக்கொண்டாள். மற்றதை வேலப்பரின் காலில் கட்டினாள்.

அடுத்து அவள் கட்டிய கூத்து, பல்வலி வந்த ஒரு ராஜாவின் கதை. அரங்கேற்றத்தன்று சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு உத்தண்டராஜாவின் முகத்தையே பார்த்தது. அவரோ எல்லோருக்கும் முன்னால் சிரித்தார், எல்லோருக்கும் கடைசியில் ஓய்ந்தார். பிறகு எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“கதை கோமளவல்லியுடையது. ஆட்டம் வேலப்பர் பழக்கியது. மந்திரியாரே, இதைச் சபையறியச் சொல்லிவிடும்: பல் நம்முடையது.”

சொல்லிவிட்டு வெகு பெருமையாகச் சுற்றிலும் பார்த்து உட்கார்ந்தார்.